பாரமும் இழுவையும்

(கோவையில் இயந்திரத் தொழிலாளர்களும் பொறியியல் மாணவர்களும் கூடிய சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



டீசல் பிக்கப் வண்டி ஒன்றைப் பாரம் இழுக்கும் போட்டிக்கு ஆயத்தம் செய்வது எவ்வாறு என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இந்தப் பேச்சை எடுத்தவுடன், டர்போவைப் பெரிதாக்கலாமா, நாசிலை மாற்றலாமா, பம்பில் டீசலைக் கூட்டி வைக்கலாமா என்றே பெரும்பாலோர் விசாரிக்கிறார்கள். அவற்றைப் பற்றியும் என்னால் இயன்றவரை சொல்லத்தான் போகிறேன். எனினும், இயந்திரம் எத்துணைப் பலமுடையதாயினும், சக்கரம் மண்ணைத் தொடுகிற அந்தச் சிறிய இடத்தில் எவ்வளவு பாரம் அமர்ந்திருக்கிறதோ, அந்த மண் எவ்வளவு பிடி கொடுக்கிறதோ, அவ்வளவுதான் வண்டி இழுக்குமேயன்றி அதற்கு மேல் ஒரு பலமும் இழுக்காது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், மற்றவை யாவும் தாமே ஒழுங்குக்கு வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஞானம் கொங்கு நாட்டாருக்குப் புதியதன்று. மின்சார மோட்டார் வருவதற்கு முன் நம் தோட்டங்களிலெல்லாம் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் வாரியிலே எருதுகள் நடக்க, வடம் உருளையின் மேல் ஓட, சாலும் அதன் அடியில் கட்டிய தோல் தும்பியும் நீரைச் சுமந்து மேலே வரும். இந்த ஏற்பாட்டில் நான் வியந்து பார்ப்பது இரண்டு விஷயங்களை. ஒன்று, வாரியைச் சமதளமாக வைக்காமல் சரிவாக வெட்டியிருப்பது. அதனால் எருதின் உடற்பாரமே இழுவைக்குத் துணையாகிறது. மற்றொன்று, எருதுகள் இறங்கத் தொடங்கியதும் ஓட்டுகிறவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது. "வடத்துல நல்லா அழுத்தி உக்காரு கண்ணு, மாடு தானா எறங்கும்" என்று அப்பாரு பேரனுக்குச் சொல்லிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அவர் விளையாட்டுக்காக உட்காரச் சொல்லவில்லை. தம் பாரத்தை இழுப்பின் பக்கம் சேர்த்து எருதின் பிரயாசையைக் குறைத்தார். பாரத்தை எங்கே வைப்பது, எப்போது வைப்பது என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் போட்டியின் சாரமும்.

அந்த எருதுகளை ஆயத்தம் செய்த விதமும் சிந்திக்கத் தக்கது. காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளிலே, வெள்வேல மரங்களின் நிழலில், கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வளர்ந்த காங்கேயம் இனம், பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தாரின் சிரத்தையான தெரிவினால் விருத்தியடைந்து, கண்ணபுரம் சந்தையிலும் அந்தியூர்ச் சந்தையிலும் பெயர் பெற்றது. திமிலையும் கால் எலும்பையும் குளம்பையும் தடவிப் பார்த்து விலை பேசுகிறவர்கள் வெறும் சதைப் பருமனை நோக்குவதில்லை. சுமை ஏறும்போது கால் மண்ணில் எப்படி ஊன்றும் என்பதையே நோக்குகிறார்கள். இன்றும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வகுத்து, வினாடிக் கணக்கில் நேரம் பார்த்து நடத்தப்படும் ரேக்ளாப் பந்தயத்தில், ஒரு சோடி எருதுகளுக்குத் தீனியும் நடையும் பழக்கமும் மாதக்கணக்கில் ஒழுங்கு செய்யப்படுகின்றன. பந்தயம் சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது, ஆயத்தந்தான் நெடியது.

இனி, நாம் எடுத்துக்கொண்ட போட்டியின் பிறப்பிடத்துக்குச் செல்வோம். அமெரிக்க நாட்டுக் குடியானவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கள் குதிரைகளில் எது பலமுடையது என்று அறிய விரும்பி, பரம்புப் பலகையைப் போல மண்ணில் உராய்ந்து செல்லும் ஒரு தட்டின் மேல் பாரம் ஏற்றி இழுக்க விட்டார்கள். பின்னர், பாதை நெடுகிலும் ஆட்களை நிறுத்தி, தட்டு தம்மைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதன் மேல் ஏறிக்கொள்ளச் செய்யும் வழக்கமும் உண்டாயிற்று. தூரம் செல்லச் செல்லச் சுமை ஏறிக்கொண்டே போகும். 1929இல் டிராக்டர்கள் இப்போட்டியில் இறங்கின. 1969இல் விதிகளை ஒன்றுபடுத்தத் தேசிய சங்கம் ஒன்று அங்கு ஏற்பட்டது. ஆட்கள் ஏறுவது ஆபத்தென்று கண்டு, இப்போது யந்திர அமைப்புடைய பாரவண்டியையே பெரும்பாலும் உபயோகிக்கிறார்கள். அதன் பின்புறம் சக்கரங்கள் உண்டு. முன்புறம் தட்டையான இரும்புத் தகடு மண்ணில் படிந்திருக்கும். ஓட்டத்தின் ஆரம்பத்தில் பாரப்பெட்டி பின்சக்கரங்களின் மேல் நிற்கும். வண்டி நகர நகர, அச்சக்கரங்களின் சுழற்சியாலேயே பெட்டி முன்னோக்கி ஏறி வந்து, முன்தகட்டை மண்ணில் அழுத்தும். ஆகவே, முதல் பத்து அடியில் இலேசாக வந்த பாரவண்டி, கடைசியில் பூமியோடு பூமியாக ஒட்டிக்கொள்ள முயலும். 300 அடி, அதாவது ஏறக்குறைய 91 மீட்டர் இழுத்துவிட்டால் முழு இழுப்பு என்பது கணக்கு.

நம் நாட்டில் பஞ்சாபியர் இரண்டு டிராக்டர்களைப் பின்புறம் பின்புறமாகப் பிணைத்து இழுக்க விடும் 'தோச்சன்' போட்டியை நடத்துகிறார்கள். அதிலுள்ள ஊக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அது எனக்கு உகந்ததாக இல்லை. எதிரி எவனென்பதற்கேற்ப இழுப்பு மாறுவதால் வண்டியின் உண்மையான திறமை அளவுக்கு அகப்படுவதில்லை. மூக்கு மேலெழுந்து டிராக்டர் பின்புறமாகக் கவிழும் ஆபத்தோ எப்போதும் அருகிலேயே இருக்கிறது. பாரவண்டிப் போட்டியில் எல்லாரும் ஒரே சுமையை, ஒரே பாதையில் இழுக்கிறார்கள். அடியும் அங்குலமும் தீர்ப்புச் சொல்கின்றன. அளவையிலே நம்பிக்கை வைத்து வளர்ந்த கோவைத் தொழிலாளிக்கு இதுவே பொருத்தமானது.

கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். 2016இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த இசுசு வி-கிராஸ் பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி. அக்காலத்தில் அதன் 2.5 லிட்டர் டீசல் இயந்திரம் 134 குதிரைத்திறனும் 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொடுத்தது. முதல் கியரும், லோ ரேஞ்சும், கிரவுன் பினியனும் சேர்ந்து சுமார் நாற்பது மடங்கு பெருக்குவதாக வைத்துக்கொண்டால், சக்கரத்தில் 12,800 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். டயரின் ஆரம் 38 சென்டிமீட்டர் எனில், அது 3,400 கிலோ பாரத்துக்குச் சமமான இழுவிசை. ஆனால் வண்டியின் எடையோ ஏறக்குறைய 2,000 கிலோ. நன்றாக இறுகிய மண்ணில் டயரின் பிடிமானம் எடையில் மூன்றில் இரண்டு பங்கு என்று தாராளமாகவே கொண்டாலும், 1,300 கிலோவுக்கு மேல் இழுக்க மண் சம்மதிக்காது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் இயந்திரம், மண் தாங்கக் கூடியதைப் போல் இரண்டரை மடங்கு விசையைத் தாழ்ந்த கியரில் ஏற்கெனவே வைத்துக்கொண்டிருக்கிறது!

அப்படியாயின் கூடுதல் சக்தி எதற்காக என்று மாணவர்கள் கேட்பது நியாயம். வேகத்துக்காக என்பதே விடை. தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்லும் வண்டியிடம் ஓட்ட வேகம் இராது. பாரப்பெட்டி முன்னேறி வந்து தகட்டை அழுத்தும் கணத்தில் அது அப்படியே நின்றுபோகும். 1,300 கிலோ இழுப்பை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நடத்த வேண்டுமானால், சக்கரத்திலேயே ஏறக்குறைய 175 குதிரைத்திறன் தேவை. கியர்பெட்டியிலும் அச்சு ஹவுசிங்கிலும் உராய்வில் கழிவதையும் சேர்த்தால் இயந்திரம் 200க்கு மேல் கொடுத்தாக வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவதற்கே டர்போவும் பம்பும் நாசிலும். மண்ணின் பிடி இழுவைக்கு எல்லை கட்டுகிறது. இயந்திரத்தின் சக்தி அந்த எல்லையிலேயே எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பதை நிச்சயிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் டீசலைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களின் வண்டி, புகையைக் கக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே குழி தோண்டும்.

ஆகையால் முதல் வேலை பாரத்தைப் பங்கிடுவது. மாட்டு வண்டிக்கு மூட்டை அடுக்குகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். அதே விவேகம் இங்கும் வேண்டும். வண்டியின் பின்னே, தரையிலிருந்து 26 அங்குல உயரத்தில் கொக்கி இருப்பதாகக் கொள்வோம். பிக்கப் வண்டிகளின் பல பிரிவுகளில் அமெரிக்கர்கள் விதித்திருக்கும் உச்ச உயரம் அது. 1,300 கிலோ இழுப்பு அந்த உயரத்தில் பின்னோக்கி விழும்போது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3.1 மீட்டர் தூரமுள்ள வண்டியில், சுமார் 275 கிலோ பாரம் முன்னச்சைவிட்டு நீங்கிப் பின்னச்சுக்குப் போய்விடும். முன்சக்கரங்கள் அந்த அளவுக்குப் பிடியிழந்து சுழலும், ஸ்டியரிங்கும் இலேசாகிவிடும். இதற்காகத்தான் பம்பருக்கு முன்னே சட்டம் அமைத்து இரும்புப் பாளங்களைத் தொங்கவிடுகிறார்கள். எவ்வளவு தொங்கவிடுவது என்பதை எடைமேடையில் நிறுத்தி, முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டுமேயன்றி, கண்மதிப்பால் தீர்மானிக்கலாகாது. கொக்கியை உயர்த்தினால் சங்கிலி கீழ்நோக்கிச் சாய்ந்து பின்சக்கரத்தை மேலும் அழுத்தும் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு. அளவுக்கு மீறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதால்தான் விதி குறுக்கே நிற்கிறது.

பின்புற ஸ்பிரிங் பட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இழுப்பு ஏறும்போது பட்டைகள் வளைந்து வண்டியின் பின்புறம் தாழும். கொக்கியும் கூடவே தாழும். பிறகு பட்டை நிமிர, டயர் மண்ணைவிட்டுத் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் கிராஸ்களும் அச்சுகளும் முறிகின்றன. எனவே சேசிஸுக்கும் ஹவுசிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து, பட்டை அசையாதபடி செய்துவிடுகிறார்கள். அச்சு முறுக்கிக்கொள்ளாமலிருக்க, ஹவுசிங்கிலிருந்து சேசிஸுக்கு நீண்ட தண்டுகள் பூட்டுகிறார்கள். டயரின் காற்று விஷயத்தில் ஒரே விதி சொல்வதற்கில்லை. செம்மண்ணுக்கு ஒன்று, கரிசலுக்கு ஒன்று, சரளை கலந்த பூமிக்கு வேறொன்று. ஈரம் மாறினால் அதுவும் மாறும். பாதையின் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்க்காமல் காற்றடிக்கிறவனை நான் நல்ல ஓட்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் தத்துவம் இன்றும் மாறவில்லை. காற்றை அழுத்திச் சூடேற்றி, அச்சூட்டிலேயே எண்ணெய் எரியும்படி செய்வது. 1905இல் சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூக்கி, வெளியேறும் புகையின் விசையாலேயே காற்றை உள்ளே திணிக்கும் உபாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். நாம் டர்போ என்பது அதன் வழித்தோன்றலே. ஒரு கிலோ டீசல் முற்றும் எரிய ஏறக்குறைய பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். டீசலைக் கூட்டுவது சுலபம். காற்றைக் கூட்டுவதுதான் பிரயாசை. ஆதலால் முதலில் காற்று, பிறகே டீசல் என்ற கிரமத்தை மீறாதீர்கள். பெரிய டர்போவும், அழுத்தத்தால் சூடேறிய காற்றைக் குளிர்விக்க விசாலமான இன்டர்கூலரும், தடையில்லாத புகைக்குழாயும் அமைந்த பின்பு, பம்ப்-நாசில் கடையில் கொடுத்து ஒவ்வொரு நாசிலும் ஒரே அளவு டீசல் விடும்படி சோதித்து வாங்குங்கள். ஒரு நாசில் மட்டும் அதிகம் விட்டால், அந்த ஒரு பிஸ்டன்தான் முதலில் போகும்.

அமெரிக்கப் போட்டியாளர்கள் கம்மின்ஸ் 5.9 லிட்டர் இயந்திரத்தின் மேல், குறிப்பாக 1994 முதல் 1998 வரை பாஷ் பி7100 இன்லைன் பம்புடன் வந்த பன்னிரண்டு வால்வு இயந்திரத்தின் மேல், வைத்திருக்கும் பிரியம் காரணமற்றதன்று. வார்ப்பிரும்பு உடல், வரிசையாக ஆறு சிலிண்டர், மின்னணுத் தலையீடு இல்லாத பம்ப். ஸ்பேனரைக் கொண்டே கவர்னரையும் டீசல் அளவையும் திருத்தலாம். நம் லாரி மெக்கானிக்குகளுக்கு இன்லைன் பம்ப் கைவந்த பொருள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி வேலை பழகியவர்களும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் கம்பிரஸரைப் பகலிரவு ஓட்டியவர்களும், சுமையின் கீழ் டீசல் இயந்திரம் எப்படிப் பேசுகிறது என்பதைச் செவியாலேயே அறிந்தவர்கள். அந்த அறிவை இந்தப் போட்டிக்குக் கொண்டுவர முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உள்ளே அழுத்தம் ஏறினால் ஹெட் தூக்கப் பார்க்கும். கேஸ்கெட் வழியே நெருப்புப் பாயும். அதனால் சாதாரண போல்ட்டுகளுக்குப் பதிலாக உயர்ந்த எஃகினாலான ஸ்டட்டுகளைப் போட்டு, டார்க் ஸ்பேனரால் படிப்படியாக, நடுவிலிருந்து வெளிப்புறமாக முறுக்க வேண்டும். ஹெட்டில் நுண்ணிய காடி வெட்டிக் கம்பி வளையம் பதிக்கும் வேலையும் உண்டு. அது கணபதி, பீளமேட்டு லேத் பட்டறைகளுக்கு அரிய காரியமே அன்று. 1926இல் பீளமேட்டில் தொழிற்பள்ளி வைத்த காலத்திலிருந்து, 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பின் பம்புசெட்டும் மோட்டாரும் வார்த்து, ஜி.டி. நாயுடு போன்றவர்களின் ஊக்கத்தைக் கண்ணெதிரே கண்டு வளர்ந்த ஊர் இது. உஷ்ணமானியை மட்டும் மறக்க வேண்டாம். டர்போவுக்கு முன்னால் புகையின் உஷ்ணம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால், அலுமினியப் பிஸ்டனின் தலை இளகத் தொடங்கும். கரும்புகையைக் கண்டு ஜனங்கள் கை தட்டலாம். எரியாமல் வீணாகும் டீசலே அக்கரும்புகை என்பது மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளட்ச் பிளேட்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டும், கிராஸ்களும் கூடிய சக்திக்கேற்பப் பலப்பட வேண்டும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. எது மிக மெலிந்ததோ அது முறியும். அதை மாற்றினால் அடுத்தது முறியும்; அவ்வளவே.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் சற்று நீட்டிப் பேச அனுமதி வேண்டுகிறேன். ஏனெனில், இளைஞர்களின் உயிரைவிட எந்தக் கோப்பையும் பெரிதன்று. டீசல் இயந்திரம் சில வேளைகளில் டர்போவின் சீல் போய், தன் எஞ்சின் ஆயிலையே உறிஞ்சி எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போது காற்று வழியை அடைப்பதே சிறந்த பரிகாரம். ஆகவே காற்றுக்குழாயில் அடைப்பான் ஒன்று வைத்து, அதன் கம்பியைப் பின்னே பாரவண்டியோடு இணைக்கிறார்கள். சங்கிலி அறுந்து வண்டி விடுபட்டால் கம்பி இழுபட்டுக் காற்று தானே அடைபடும். டர்போவின் சக்கரம் சிதறினால் துண்டுகள் வெளியே பாயாதபடி புகைக்குழாயில் இரண்டு போல்ட்டுகளைக் குறுக்காகப் பூட்டுகிறார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுற்றி இரும்பு வளையங்கள், கிளட்சைச் சுற்றிக் கவசம், ஓட்டிக்குத் தீப்பிடிக்காத உடையும் தலைக்கவசமும், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான். சங்கிலியின் பக்கத்தில் ஒருவரும் நிற்கலாகாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வண்டியைக் களத்தில் இறக்க விடாத கண்டிப்புள்ள பரிசோதகர் வேண்டும்; அவர் உறவுக்காரருக்கும் விட்டுக்கொடுக்கலாகாது.

இப்படி மாற்றிய வண்டி சாலைக்குரியதன்று என்பதையும் வற்புறுத்துகிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவில், பதிவு செய்த வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆதலால் போட்டி வண்டி லாரியின் மேலேறியே களத்துக்கு வரட்டும். சாலையில் வேகம் காட்டத் துடித்த கோவை இளைஞர்களுக்குச் செட்டிபாளையத்தில் மோட்டார் பந்தய வீரர் கரிவரதனின் பெயரால் ஓடுகளம் ஒன்று அமைந்ததால், எத்தனை திறமை நேர்வழியில் சென்றது என்பதை நாம் அறிவோம். இழுவைக்கும் அவ்வாறு வேலியிட்ட ஒரு களம் வேண்டும். 100 மீட்டர் பாதை, அதற்கப்பால் வண்டி நிற்கப் போதிய வெளி, களிமண் கலந்து நீர் தெளித்து ரோலர் போட்ட தரை, இவ்வளவு போதும். தரிசாகக் கிடக்கும் நிலத்தில் ஒரு பருவத்துக்கு இதை அமைப்பது நம்மால் ஆகாத காரியமன்று.

களத்தில் இறங்கியபின் ஓட்டியின் கடமை என்ன? சங்கிலியை மெல்ல இறுக்க வேண்டும். தொங்கலை வைத்துக்கொண்டு வெட்டி இழுத்தால் முதல் அடியிலேயே ஏதேனும் முறியும். டர்போவின் அழுத்தமானி முள் மேலேறும்வரை நின்ற இடத்தில் இயந்திரத்தை ஊக்கி, பச்சைக் கொடி கண்டதும் கிளட்சைத் தடையின்றி விட வேண்டும். கியர் மாற்ற எண்ணவே கூடாது. மாற்றும் அந்த அரை வினாடியில் பாரவண்டி ஜயித்துவிடும். கோட்டுக்குள் நேராகப் போவதும், வேகம் முற்றும் செத்த பின்பு ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே நின்று குழி தோண்டாமல் காலை எடுத்துவிடுவதும் அனுபவத்தால் வருபவை. சிவப்புக் கொடிக்குக் கண நேரமும் தாமதிக்காமல் கீழ்ப்படிவதோ அனுபவத்துக்குக் காத்திராமல் முதல் நாளே வர வேண்டியது.

இழுத்து முடித்தவுடன் இயந்திரத்தை நிறுத்திவிடாதீர்கள். செக்கச் சிவந்திருக்கும் டர்போவின் தண்டுக்கு ஆயில் ஓட்டம் சில நிமிடங்களாவது தொடர வேண்டும்; இல்லையேல் நின்ற ஆயில் அங்கேயே கருகிப் படியும். பட்டறைக்குத் திரும்பியதும் ஆயிலை இறக்கி, பில்டரை அறுத்துப் பிரித்து, உள்ளிருக்கும் தாளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் பொடி மின்னினால் பேரிங் தேயத் தொடங்கிவிட்டது. வெள்ளைத் துணுக்குகள் கண்டால் பிஸ்டனைச் சந்தேகியுங்கள். ஒரு கிராஸையோ ஸ்டட்டையோ மாற்றினால் தேதியிட்டு நோட்டில் எழுதி வையுங்கள். முன்னச்சின் எடை, பின்னச்சின் எடை, டயர்க் காற்று, மண்ணின் ஈரம், இழுத்த தூரம் ஆகிய ஐந்தும் அந்த நோட்டில் ஒரே வரியில் இருக்கட்டும். பத்துப் பக்கம் நிரம்புவதற்குள், எங்கே எவ்வளவு பாரம் வைப்பது என்பதற்கு என்னைப் போன்றவர்களிடம் கேட்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இராது.